மேசைமேல் வைத்துச் சுடுவதில் என்ன திறமை? பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கி சுடுதல்: ஓர் எளிய அறிமுகம்

துப்பாக்கியை மேசைமேல் மணல்மூட்டைகளில் கிடத்திவிட்டு, பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுடுகிறார்கள். தூக்கிப் பிடிக்க வேண்டாம், கை நடுங்குமே என்ற கவலையும் வேண்டாம். ஸ்கோப் வழியாகப் பார்த்தால் இலக்கு கண்ணுக்கு எதிரே வந்து நிற்கிறது. இதில் என்ன திறமை வேண்டிக்கிடக்கிறது? பெஞ்ச்ரெஸ்ட் போட்டியைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிற பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கான பதில் பிடிபட்டால் இந்த விளையாட்டே பிடிபட்டுவிடும்.

நமக்குப் பழக்கமான துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக்கில் பார்ப்பது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் வீரர் நின்றுகொண்டு சுடுவார். அங்கே துப்பாக்கியைத் தாங்குவது உடம்பு. மூச்சு, நாடித்துடிப்பு, தோள், இடுப்பு எல்லாவற்றையும் அடக்கி வைப்பதுதான் அந்த வித்தை. பெஞ்ச்ரெஸ்ட்டில் உடம்பை முடிந்தவரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உடம்பின் ஆட்டம் போனதும், அதுவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த சின்னச் சின்னப் பிழைகளெல்லாம் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. பேரலில், அதாவது குண்டு வெளியேறும் குழலில், உள்ள குறை, தோட்டாவுக்குத் தோட்டா உள்ள வித்தியாசம், மணல்மூட்டை உட்கார்ந்திருக்கும் விதம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அது தாளில் பதிவாகிவிடும்.

இந்த விளையாட்டில் பல பிரிவுகள் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் வேரூன்றிய குறுந்தூர 'குரூப்' போட்டி. தூரம் 100 கெஜம், 200 கெஜம். மீட்டரில் சொன்னால் சுமார் 91, 183. அடிப்படைக் கருத்து இதில்தான் கலப்படமில்லாமல் தெரியும்.

சரி, குரூப் என்றால் என்ன? ஒரே இலக்கில் ஐந்து குண்டுகள் சுடுகிறோம். அந்த ஐந்து துளைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டை எடுத்து, ஒன்றின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையம்வரை அளக்கிறோம். அந்த இடைவெளிதான் குரூப்பின் அளவு. சிறியதாக இருக்க இருக்க நல்லது. ஐந்தும் துல்லியமாக ஒரே துளை வழியாகப் போனால் அளவு பூஜ்யம்.

இலக்கின் நட்டநடுவில் குண்டு பட்டதா என்பதை இங்கே யாரும் பார்ப்பதில்லை. இலக்கின் கட்டத்துக்குள் விழுந்தால் போதும். குறிவைக்கும் புள்ளியைக் குண்டு கிழித்துவிட்டால் அடுத்த குண்டுக்குக் குறிவைக்க எதுவும் மிஞ்சாது. அதனால் குண்டுகள் அந்தப் புள்ளிக்குச் சற்றுத் தள்ளியே விழும்படி ஸ்கோப்பைத் திருப்பிவைத்துக்கொள்பவர்களும் உண்டு. நடுவில் அடிப்பது ஸ்கோப்பின் திருகைத் திருப்பினால் கிடைத்துவிடும் விஷயம். அடித்த இடத்திலேயே மறுபடியும் அடிப்பதற்குத் திருகு எதுவும் கிடையாது. பெஞ்ச்ரெஸ்ட் சோதிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

அளவுகளைப் பற்றி ஒரு பிடிமானம் வேண்டும். துப்பாக்கி உலகில் துல்லியத்தை 'மினிட்' என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு அது. 100 கெஜத்தில் இந்தக் கோணம் ஏறக்குறைய ஓர் அங்குலம் அகலம் வரும். கறாராகச் சொன்னால் 1.047 அங்குலம். கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி ஓர் அங்குல குரூப் தந்தால் அதன் சொந்தக்காரர் பெருமையோடு அந்தத் தாளை எல்லோரிடமும் காட்டுவார். பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் அவருக்குக் கடைசி இடம்தான். இங்கே நல்ல வீரர்களின் சராசரி 0.2 அங்குலத்தை, அதாவது 5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். குண்டின் விட்டமே 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், ஐந்து குண்டுகளும் சேர்ந்து ஓரம் பிய்ந்த ஒரே ஓட்டையாகத்தான் தெரியும்.

இன்னும் சிறியதும் உண்டு. 1973-இல் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் சுட்ட ஐந்து குண்டு குரூப்பின் அளவு 0.009 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நாற்பது ஆண்டுகள் அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 2013-இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலத்தில் சுட்டார்.

ஐந்து குண்டு ஒரே ஓட்டையில் போனால், ஐந்தும் உண்மையிலேயே போனதா என்று எப்படித் தெரியும்? நான்கை மட்டும் சுட்டுவிட்டு ஐந்து என்று ஒருவர் சொன்னால்? இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இலக்குத் தாளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு காகிதப் பட்டை மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். இலக்கில் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தாலும், நகரும் பட்டையில் ஐந்து துளைகள் தனித்தனியாக வரிசையாகப் பதியும். எண்ணினால் தெரிந்துவிடும். நகராத பின்தாள் ஒன்றும் தனியாக இருக்கும். பக்கத்து மேசைக்காரர் தவறுதலாக உங்கள் இலக்கில் சுட்டிருந்தால், அவருடைய குண்டு வேறு கோணத்தில் வந்திருக்கும். முன்தாளையும் பின்தாளையும் ஒப்பிட்டால் அது எந்த மேசையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், போட்டியில் வெற்றி ஒற்றைக் குரூப்பை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. ஐந்து குரூப்களின் சராசரியை எடுக்கிறார்கள்; அதை 'அக்ரிகேட்' என்று பெயர் சொல்லி, பேச்சில் 'அக்' என்று சுருக்கிவிடுவார்கள். 200 கெஜத்தில் கிடைத்த அளவை இரண்டால் வகுத்து 100 கெஜக் கணக்குக்குக் கொண்டுவருவார்கள், இரண்டு தூரத்தையும் ஒப்பிட வசதியாக. இரண்டின் சராசரியும் சேர்ந்தது 'கிராண்ட் அக்'. கிரிக்கெட்டில் ஒரு சதத்தைவிட ஆண்டு முழுக்கத் தாங்கும் சராசரிதான் மட்டையாளரின் தரத்தைச் சொல்கிறது இல்லையா, அதேதான். ஒரு சின்னக் குரூப் அதிர்ஷ்டத்தில்கூட வந்துவிடும். நான்கு நல்ல குரூப்களுக்குப் பின் ஐந்தாவதில் ஒரே ஒரு குண்டு ஓர் அங்குலம் விலகினால், அன்றைய நாள் முடிந்தது. இணையத்தில் ஒற்றைக் குரூப்பின் படத்தைப் போட்டு "என் துப்பாக்கி இவ்வளவு சுடும்" என்று யாராவது சொன்னால், மற்ற நான்கும் எங்கே என்று கேளுங்கள்.

ஒரு குரூப்புக்குத் தரும் நேரம் 7 நிமிடம். இலக்குத் தாளில் இரண்டு பகுதிகள் உண்டு: மேலே இருப்பது கணக்கில் சேரும் இலக்கு, கீழே இருப்பது 'சைட்டர்' எனும் ஒத்திகை இலக்கு. ஒத்திகை இலக்கில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். கணக்கு இலக்கில் ஐந்தே ஐந்து. இந்தச் சைட்டர் எதற்கு என்பது காற்றைப் பற்றிப் பேசும்போது புரியும்.

இந்த ஆசை புதியதில்லை. கொலராடோவின் போல்டர் நகரைச் சேர்ந்த சி.டபிள்யூ. ரோலண்ட் 1901-இல் 200 கெஜத்தில் பத்து குண்டுகளை 0.725 அங்குலத்துக்குள் அடக்கினார். ஹாரி போப் என்ற கைவினைஞர் செய்த பேரலில், ஈயக் குண்டுகளை வைத்து அடித்தது அது. அரை நூற்றாண்டு வரை அந்தத் தாள் பேசுபொருளாகவே இருந்தது. இன்றைய வடிவத்தில் விதிகளோடும் சங்கங்களோடும் இது விளையாட்டானது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

துப்பாக்கிக்கு வருவோம். எடையை வைத்து வகுப்புகள் பிரிக்கிறார்கள். 'லைட் வார்மிண்ட்' என்றால் ஸ்கோப்போடு சேர்த்து 10.5 பவுண்டுக்குள், சுமார் 4.76 கிலோ. 'ஹெவி வார்மிண்ட்' 13.5 பவுண்டு வரை, சுமார் 6.12 கிலோ. எடைக்கட்டுப்பாடே இல்லாத வகுப்பும் உண்டு. அதில் வருபவை தண்டவாளம்போல் சட்டத்தில் ஏறி வழுக்கும் இயந்திரங்கள், தோளில் வைக்கும் துப்பாக்கிபோலவே இருக்காது. பேரலைத் தாங்கும் கட்டையின் அடிப்பாகம் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், மணல்மூட்டைமேல் ஆடாமல் உட்கார. விசையை அழுத்த 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவுக்கு அழுத்தம் போதும். விரல் பட்டாலே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் 36, 40, 45 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

தோட்டாவைப் பற்றி, அதாவது கூடும் வெடிமருந்தும் குண்டும் சேர்ந்த முழுப் பொருளைப் பற்றி, ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குறுந்தூரப் போட்டிகளில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாகக் கோலோச்சுவது '6 பிபிசி' என்ற தோட்டா. 1970களின் நடுவில் அதை உருவாக்கியவர்கள் இருவர்: ஒருவர் அறுவைசிகிச்சை மருத்துவர் லூயிஸ் பால்மிசானோ, இன்னொருவர் நுண்கருவிகள் செய்யும் தொழில்நுட்பர் ஃபெர்ரிஸ் பிண்டெல். '.220 ரஷ்யன்' என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பகுதியை மாற்றி, குட்டையாகவும் தடிமனாகவும் ஆக்கினார்கள். வெடிமருந்து நீண்டு ஒல்லியாக நிற்பதைவிட இப்படிக் குட்டையாக நின்றால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரிகிறது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எத்தனையோ புதிய தோட்டாக்கள் வந்து போய்விட்டன. இது மட்டும் அசையவில்லை. போட்டியாளர்கள் தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை. தாங்களே நிரப்புகிறார்கள், அதுவும் பலர் போட்டி நடக்கும் இடத்திலேயே, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில். காலையில் இருந்த வெப்பமும் ஈரப்பதமும் மதியம் இருக்காது. அதற்கேற்ப மருந்தின் அளவைச் சிறிது மாற்றிப் பேரலின் அதிர்வோடு ஒத்துப்போக வைக்கிறார்கள்.

பேரலும் தேய்மானப் பொருள்தான். போட்டித் தரத்தில் அது தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ ஆயிரம் குண்டுகள் என்ற அளவில். அதன்பின்னும் அது வேட்டைக்குப் பிரமாதமாக இருக்கும். பெஞ்ச்ரெஸ்ட்டுக்கு மட்டும் ஆகாது.

மேசை பெரும்பாலும் கான்கிரீட். அதன்மேல் முன்னால் ஒரு இரும்புத் தாங்கி, தாங்கியின் தலையில் மணல்பை. பின்னால், கட்டையின் வால்பகுதிக்கு அடியில், முயல் காதுபோல் இரண்டு மேடு கொண்ட இன்னொரு மணல்பை. முன்தாங்கியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை அசைத்தால் துப்பாக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நுணுக்கமாக நகரும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். துப்பாக்கி சுடும் கணத்தில் பின்னோக்கி உதைக்கும். குண்டு பேரலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அந்த நகர்வு தொடங்கிவிடுகிறது. ஒரு முறை தோளை இறுக்கி, மறுமுறை தளர்த்தி வைத்தால், துப்பாக்கி இரண்டு விதமாக நகரும். குண்டும் இரண்டு இடத்தில் விழும். இதைத் தவிர்க்கச் சிலர் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. விசையில் விரல் மட்டும்தான், அது தானாகப் பின்னால் வழுக்கி வந்து தோளில் இடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'ஃப்ரீ ரீகாயில்' என்பது இந்த முறைதான். வேறு சிலர் லேசாகப் பிடிப்பார்கள். எது சிறந்தது என்று வாதம் ஓயாது. என் கருத்தில் புதியவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை, ஐந்து முறையும் அதையே செய்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சோதனை சொல்கிறேன். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, மணல்பைகள்மேல் அதைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக வழுக்கிப் பாருங்கள். ஸ்கோப்பின் குறுக்குக்கம்பி நேராக மேலும் கீழும் போய் வந்தால் முன்தாங்கியும் பின்பையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பக்கவாட்டில் ஓடினால் அமைப்பு கோணல். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துத் துப்பாக்கி வாங்கினாலும் பயனில்லை.

இனி காற்று. முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

6 பிபிசியின் குண்டு ஒரு நொடிக்கு ஆயிரம் மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 100 கெஜத்தைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். இவ்வளவு வேகத்தில் போகிறதைக் காற்று என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 1.6 கிலோமீட்டர், அதாவது ஒரு மைல் வேகத்தில் வரும் குறுக்குக் காற்றே அந்தக் குண்டை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தள்ளிவிடும். முகத்தில் பட்டால்கூட உணர முடியாத காற்று அது. வெற்றி பெறும் சராசரியே 5 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மணிக்கு மூன்று மைல் மாற்றத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டால், உலகின் மிகச் சிறந்த துப்பாக்கி கையில் இருந்தாலும் குரூப் கெட்டுப்போகும். 200 கெஜத்தில் தூரம் இரண்டு மடங்குதான். விலகலோ நான்கு மடங்குக்கும் மேல் ஆகிறது.

அதனால் மேசைக்கும் இலக்குக்கும் நடுவில் ஒவ்வொருவரும் தங்கள் காற்றுக்கொடிகளை வரிசையாக நடுகிறார்கள். காற்றின் திசைக்குத் திரும்பும் ஒரு தகடு, சுழலும் பூப்போன்ற ஒரு காற்றாடி, பின்னால் தொங்கும் ஒரு நாடா. திசையைத் தகடு சொல்லும், வேகத்தை நாடா எவ்வளவு எழும்புகிறது என்பது சொல்லும். மேசைக்கு அருகில் உள்ள கொடி இலக்குக்கு அருகில் உள்ளதைவிட முக்கியம். குண்டு தொடக்கத்திலேயே சிறிது திசை மாறினால் அந்தக் கோணத்தோடு மீதித் தூரம் முழுவதும் பயணிக்கிறது; இலக்கை நெருங்கியபின் தள்ளப்பட்டால் விலக நேரமில்லை. ஆரம்பநிலையினர் இலக்கின் பக்கம் உள்ள கொடியையே பார்த்துக்கொண்டிருப்பதை அடிக்கடி காணலாம்.

காற்று குண்டைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. பேரலின் உள்ளே வெட்டிய திருகுக்கோடுகளால் குண்டு சுழன்றுகொண்டே போகிறது. வலப்பக்கம் சுழலும் குண்டை வலமிருந்து வரும் காற்று இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடமிருந்து வரும் காற்று வலப்பக்கம் தள்ளிச் சற்றுக் கீழே இறக்கும். காற்றை விட்டுவிட்டவரின் தாளில் துளைகள் படுக்கையாக வராமல், கடிகாரத்தின் பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை சாய்கோடாக விழுந்திருக்கும். தாளைப் பார்த்ததும் அனுபவசாலிகள் "காற்றில் விட்டுவிட்டாய்" என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

இப்போது சைட்டருக்கு வருவோம். கொடிகள் ஒரு நிலையில் இருக்கும்போது ஒத்திகை இலக்கில் ஒரு குண்டு. அது எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்கள். கொடிகள் மாறியதும் இன்னொன்று. இரண்டு நிலைக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். அதன்பின் இரண்டு வழிகள். முதல் வழி, அடிக்கடி திரும்பி வரும் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, அது வரும்போது மட்டும் சுடுவது. வரவில்லை என்றால் 7 நிமிடத்தில் எவ்வளவு போனாலும் காத்திருப்பது. இரண்டாம் வழி, நல்ல நிலை வந்தவுடன் ஐந்து குண்டையும் அரை நிமிடத்துக்குள் மடமடவென்று அடித்து முடிப்பது. நிலை பாதியில் மாறிவிட்டால், மாறிய அளவைக் கணக்கிட்டுக் குறியைத் தள்ளிவைத்துச் சுட வேண்டியிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளுவது என்பதை யாரும் சொல்லித்தர முடியாது. கொடியைப் பார்த்து, சைட்டரைப் பார்த்து, துணிந்து முடிவெடுக்க வேண்டும். உடம்பை ஒதுக்கிவைத்த இந்த விளையாட்டில் மனிதரின் திறமை முழுவதும் இந்த முடிவில் வந்து குவிகிறது.

காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1980களில் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில், ஒரு பெரிய கிடங்குக் கட்டடத்துக்குள் வர்ஜில் கிங் முதலான சிலர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூரைக்கு அடியில் 100 கெஜம் கிடைத்தது, காற்று கிடையாது, கானலும் கிடையாது. நல்ல துப்பாக்கிகள் அங்கே 0.025 அங்குல அளவில் திரும்பத் திரும்பச் சுட்டன. திறந்த வெளியில் போட்டியை வெல்லும் சராசரியில் எட்டில் ஒரு பங்கு அது. மீதி ஏழு பங்கில் பெரும்பகுதி காற்றின் வேலை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று: அங்கே கொண்டுவரப்பட்ட எல்லாத் துப்பாக்கிகளும் அப்படிச் சுடவில்லை. வெளியில் காற்றின்மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தவை அந்தக் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

குரூப் போட்டியைத் தவிர, வளையங்களுக்குப் புள்ளி தரும் போட்டியும் இருக்கிறது. 1000 கெஜப் போட்டி தனி உலகம்; பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1967-இல் தொடங்கிய சங்கம் அதற்கு முன்னோடி.

முதன்முதலாகத் தொடுபவருக்கு என் பரிந்துரை 6 பிபிசி கிடையாது. .22 ரிம்ஃபயர் எனும் சிறிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கியில் 50 மீட்டர் பெஞ்ச்ரெஸ்ட் பல நாடுகளில் நடக்கிறது. ஒரு தாளில் 25 இலக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குண்டு, மொத்தம் 250 புள்ளி. தோட்டா நிரப்பும் வேலை இல்லை, உதை இல்லை, செலவும் குறைவு. குண்டு மெதுவாகப் போவதால் 50 மீட்டரிலேயே காற்று நன்றாகத் தள்ளும். காற்றைப் படிக்கப் பழக இதைவிட மலிவான பள்ளி கிடையாது. தோட்டா வாங்கும்போது ஒரே பிராண்டிலேயே வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். உங்கள் பேரலுக்கு ஒரு தொகுதி பிடிக்கும், பக்கத்து எண் தொகுதி பிடிக்காது. பிடித்தது கிடைத்ததும் அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதளத்துக்குப் போனால் ஒன்றைக் கவனிப்பீர்கள். மேசைகளில் கிடக்கும் எந்தத் துப்பாக்கியிலும் போல்ட் இருக்காது; தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் பாகம் அது. அதைக் கழற்றித் தனியே வைத்திருப்பார்கள். எல்லோரும் தயாரா என்று கேட்டு, "போல்ட்டைப் போடுங்கள்" என்று அதிகாரி சொன்ன பிறகே பொருத்த வேண்டும். "சுடலாம்" என்ற கட்டளை அதற்கு அப்புறம். நேரம் முடிந்ததும் முதல் வேலை போல்ட்டை மறுபடி கழற்றுவது. கொடிகளை நடவும் தாள் மாற்றவும் ஆட்கள் சுடுதளத்தின் முன்பக்கம் நடந்துபோகும் விளையாட்டு இது. குரூப் அளவைப் பற்றி விசாரிப்பதற்கு முன் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அது கைவராதவரை யாரும் உங்களை மேசையில் உட்காரவிட மாட்டார்கள்.